செல்வம் வெளிச்சம் போட்ட முகம்

முதல் தாள் மெஷினிலிருந்து வந்து விழுந்ததும், நான் எடுப்பதற்கு முன்னால் அவர் எடுத்துவிட்டார். எடுத்தவர் உடனே அதைப் பார்க்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஈர மை வாசம். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தார். "அச்சாபீசுக்குள்ள கால் வச்சே வருசக்கணக்காச்சாம்" என்று அவர் புத்தகத்தைப் பதிப்பிக்கும் தேவகி என் காதோடு சொன்னாள்.

பிறகு கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப மரியாதையாக என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் புரியும்.

"இவர் யார்?"

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேறு யாரோ வாடிக்கையாளரின் வேலை முதலில் ஓடுகிறது என்று நிஜமாகவே நினைத்திருக்கிறார். "என் புத்தக அட்டை எப்போது ஓடும்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி.

தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே புத்தகத்தின் தலைப்பு, அதற்குக் கீழே அவர் பெயர், அதற்கும் கீழே பெரிதாக ஒரு முகம். சந்தன நிறம். கன்னத்தில் லேசாக ரோஸ். ஒரு புள்ளி இல்லை, ஒரு தழும்பு இல்லை. எனக்கு எதிரே தாளுக்கு மறுபக்கம் நின்ற மனிதரோ நல்ல கறுப்பு. இடது புருவத்துக்கு மேல் விரல் நீளத்துக்கு ஒரு கருந்தழும்பு.

அன்று சாயங்காலம் விருதுநகரில் ரயில் ஏறும் ஒருவர் கையில் அந்தப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அதன் அட்டையில் இருக்கும் முகத்தை, கடல் தாண்டி ஒரு தாய் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அட்டையில் முகம் போட்டதே.

"ஏலே செல்வம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்பெனியிலிருந்துகூட ஆள் எட்டிப் பார்த்தார்கள்.

யோனாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்

இந்தத் தொடரில் போன வாரம் வரை எங்கள் சிவகாசி அச்சகத்தை நான் எப்படிப் பிடித்தேன், என் மாமனார் சாவியை எப்படிக் கொடுத்தார் என்று பழங்கதை பேசிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் சமீபத்துக்கு வந்துவிடுகிறேன். இதை எழுதும்போதே கை பரபரக்கிறது.

யோனாஸ் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. நான் வைத்தது. அவருடைய நாட்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அது போதும். ஊர் வம்பு எழுதுகிறவளாக இருந்தாலும் எனக்கும் வாயை மூடத் தெரியும்.

அங்கே அவர் பத்திரிகைக்காரர். காணாமல் போனவர்களைப் பற்றி எழுதினார். ஒருநாள் அரசாங்க ஆட்கள் வந்து அச்சகத்துக்கே சீல் வைத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் வீட்டுக்குக்கூடப் போகாமல், போட்டிருந்த சட்டையோடு எல்லையைத் தாண்டினார். பாலைவனம், அப்புறம் கடல், அப்புறம் குளிர் நாடு ஒன்றில் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. கழுவிக்கொண்டே எழுதியதுதான் அந்தப் புத்தகம்.

அதைத் தமிழில் கொண்டுவந்தது மதுரையில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் தேவகி. எனக்குக் கல்லூரித் தோழி. மொழிபெயர்ப்பதும் அவளே, பணத்துக்கு அலைவதும் அவளே. ஊர் விட்டு ஊர் போனவர்களின் கதைகள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஆளின் பெயர்தான் தலைப்பு. ஒரு அத்தியாயத்தில், ஆள் மேல் ஆளாக ஏற்றிய வண்டியில் விளிம்பில் உட்கார்ந்தவர்கள் கீழே விழாமலிருக்க, மூட்டைக்கு நடுவே ஒரு கம்பைச் சொருகி, அதைக் கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு பாலைவனம் முழுக்கப் போகிறார்கள். கம்பு முறிந்தால் அவ்வளவுதான், வண்டி நிற்காது. அந்தப் பக்கங்கள் அடங்கிய பாரம் ஓடும்போது நான் மெஷின் பக்கத்திலேயே நின்று தாளை எடுத்துப் படித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புத்தக வெளியீட்டுக்கு மதுரை வந்தவர், அச்சாகிற இடத்தைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்திருக்கிறார். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. அகதிகளுக்குக் கொடுக்கும் ஒரு பயணத்தாள்தான். விமான நிலையத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வெகுநேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமே இல்லை. நல்ல நாற்காலி கொடுத்தார்கள் என்றார்.

ஊரில் யார் காத்திருக்கிறார்கள்?

காலையில் வந்து இறங்கியதும் டீ வந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சகத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டார். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? தேவகி பின்னாலேயே ஓடி ஓடித் தமிழில் சொன்னாள். சாத்தூரிலிருந்து வரும் மெஷின்காரருக்கு வெட்கம். "பொண்டாட்டிதான், வேற யாரு" என்று தலையைச் சொறிந்தார்.

லோடு ஏற்றும் பீகார்க்காரர் ஒருவர் இருக்கிறார். சீசனுக்கு வருகிறவர். அவர் போனை எடுத்து அப்போதே தன் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். முக்காடு போட்ட அந்த அம்மா திரையில் வந்து, ஆப்பிரிக்காக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இவரும் டீ டம்ளரோடு கும்பிட்டார். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

போன் அணைந்த பிறகுதான் தன் தாயைப் பற்றிச் சொன்னார்.

அவர் தப்பிப் போன பிறகு, ஆட்கள் வீட்டுக்கு வந்து இவர் படம் ஒன்றுகூட விடாமல் அள்ளிக்கொண்டு போனார்களாம். அக்கா கல்யாணத்தில் குடும்பமாக எடுத்த படம் சுவரில் மாட்டியிருந்திருக்கிறது. அதை மட்டும் எடுத்துப் போகவில்லை. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, இவர் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு, படத்தைத் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அம்மா இன்றைக்கும் அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனில் பேசினால் ஒட்டுக் கேட்பார்கள். படத்தை யார் போனிலாவது கொண்டு போகலாம் என்றால் எல்லையில் போனை வாங்கிப் பார்ப்பார்கள்.

தேவகிக்குத் தெரிந்த விருதுநகர்க்காரர் ஒருவர் அந்த நாட்டில் கல்லூரி ஆசிரியர். லீவுக்கு வந்தவர் அன்று சாயங்கால ரயிலில் சென்னை போய் அங்கிருந்து விமானம் ஏறுகிறார். அவர் பெட்டியில் எப்போதும் நாலைந்து தமிழ்ப் புத்தகம் கிடக்கும். அதோடு இதுவும் ஒன்று. அங்கே எந்த அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியும்? அட்டையில் ஒரு மனிதர் படம், சுற்றிலும் புரியாத எழுத்து. இள வயதில் போனவருக்கு இப்போது தாடியெல்லாம் நரைத்துவிட்டது, அவர்களுக்கு அடையாளமும் தெரியாது. மற்ற மொழிப் பதிப்பு எதிலும் முகம் போடாதவர், தமிழில் மட்டும் போடச் சொன்னது அதனால்தான்.

அந்த அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த லீவு வரை காத்திருக்க முடியாது.

இதைக் கேட்டு முடித்த கையோடுதான் அட்டை மெஷினில் ஓடியது. அப்போதுதான் அந்தச் சந்தன முகம் வந்து விழுந்தது.

வெளிச்சம் போடுதல்

செல்வத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது.

எங்கள் அச்சகத்தில் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்கிறவன் செல்வம். வாலிப வயதில் வந்தவனுக்கு இப்போது பேரன் எடுக்கும் வயது. சிவகாசியில் காலண்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் முகம் வந்தாலும் முதல் வேலையாக "வெளிச்சம் போடுவது". கறுப்பைக் குறை, ரோஸைக் கூட்டு, மருவை எடு, தழும்பை எடு. யாரும் சொல்ல வேண்டாம். சொல்லாவிட்டாலும் செய்வார்கள். செய்யாமல் விட்டுப் பாருங்கள், ஆர்டர் கொடுத்தவர் காலண்டரை மூஞ்சியில் எறிவார்.

பலசரக்குக் கடைக்காரர், அரிசி மண்டிக்காரர், வட்டச் செயலாளர், மாவட்டச் செயலாளர், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போன மகராசர் எல்லாரும் எங்கள் கையில் சிவப்பாகிவிடுவார்கள். என் மாமனார் கரிசல் மண் மாதிரி இருப்பார். எங்கள் அச்சகக் காலண்டரில் மாத்திரம் தக்காளி நிறம். அவர் போன பிறகு, பேத்தி அந்தப் படத்தைக் காட்டி இது எந்தத் தாத்தா என்று கேட்டாள். எங்கள் கல்யாணப் படத்திலேயே நானும் எங்கள் வீட்டுக்காரரும் காஷ்மீரிலிருந்து வந்தவர்கள் போலத்தான் இருக்கிறோம். செல்வம் கையில் கறுப்பாகவே தப்பித்தவள் காளியாத்தா ஒருத்திதான். அவளுக்குப் பயந்து விட்டுவிட்டான்.

ஆடிப்பெருக்குக்குப் புது வருசக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்துக்குப் பூஜை முடிந்து காலண்டர் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். செல்வத்தின் மேஜையில் முகமாகக் குவிந்து கிடந்தது. அதோடு யோனாஸின் முகமும் போயிருக்கிறது. கை தானாக ஓடிவிட்டது. தேவகிக்குப் பார்வைக்கு அனுப்பியிருக்கிறான். அவள் பஸ்ஸில் வெயிலில் உட்கார்ந்து போனில் பார்த்து, எழுத்துப் பிழையை மட்டும் கவனித்துவிட்டு ஓகே போட்டிருக்கிறாள்.

நான் சத்தம் போட்டதும் வந்து நின்றான். தாளைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"நல்லாருக்கணும்னுதானக்கா செஞ்சேன்."

"தழும்பு எங்கலே?"

"அது தழும்பாக்கா? படத்துல விழுந்த தூசின்னுல்ல நெனச்சேன்."

தேவகி அதை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று முழித்தாள். யோனாஸ் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுப் புருவத்துக்கு மேல் விரலை வைத்தார். அது தூசி இல்லை, காப்பித்தூள் என்றார்.

அவர் ஊரில் காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுத்து இடிப்பார்களாம். சின்ன வயதில் வாசல் கல்லில் விழுந்து நெற்றி பிளந்துகொண்டது. அம்மா அப்போதுதான் இடித்து முடித்த காப்பித்தூளை ஒரு கை அள்ளிக் காயத்தில் அப்பியிருக்கிறார். ரத்தம் நின்றுவிட்டது. தூள் உள்ளேயே தங்கிவிட்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. எங்கள் வீட்டிலும் அதேதான்! சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பைக் காட்டினேன். மெஷின்காரர் முழங்கையைக் காட்டினார். ஆளுக்கொரு காப்பித்தூள் தழும்பு. அவரும் எங்கள் தழும்பையெல்லாம் குனிந்து பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே சொன்னதைத் தேவகி சொன்னாள்.

"அம்மாவுக்குப் பாதிக் கண்தான் தெரியும். இந்தத் தழும்பை வச்சுத்தான் என்னைக் கண்டுபிடிப்பாங்க. இந்த அட்டையைக் கொடுத்தா, யாரோ தன்னை ஏமாத்துறாங்கன்னு நினைச்சுக்குவாங்க."

செல்வம் தலை நிமிரவே இல்லை.

அண்ணாச்சியின் நல்ல நேரம்

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஒரே ஒரு பிரதிதானே, டிஜிட்டல் கடையில் ஒரு அட்டையை எடுத்து ஒட்டிவிடலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். செல்வம் யோனாஸ் கொடுத்த, கை வைக்காத படத்தை எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தான். வந்ததைப் பார்த்தால் முகம் கரிக்கட்டையாக அப்பிக் கிடந்தது. கண் தெரிந்தது, பல் தெரிந்தது, தழும்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பெரிய மெஷினில் புதுப் பிளேட் போட்டு முறையாக அடித்தால்தான் உண்டு.

பெரிய மெஷினுக்குத்தான் வழி இல்லை. அடுத்து ஏறவேண்டியது கோவில்பட்டி ஜவுளிக்கடை அண்ணாச்சியின் காலண்டர். மகாலட்சுமிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி படம். பிளேட் தயார். நல்ல நேரத்தில் முதல் தாள் எடுக்க வேண்டும் என்று தேங்காய் பழத்தோடு காலையிலிருந்து ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்காரருக்கு அவரிடம் பேசவே பயம். வருசாவருசம் வருகிற பெரிய ஆர்டர்.

எனக்கு அந்த நேரத்தில் பயமெல்லாம் வரவில்லை. நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒங்க நல்ல நேரத்தை எனக்குக் குடுங்க."

"ஏம்மா, நல்ல நேரத்தைக் கைமாத்தாவா குடுக்க முடியும்? காலண்டர் அடிக்கிறவுக நீங்களே இப்படிப் பேசலாமா?"

நான் விவரம் சொன்னேன். நின்ற வாக்கில், மூச்சு விடாமல் சொன்னேன். சுவரில் இருக்கும் ஓட்டைப் படத்தையும் சொன்னேன். அவர் எழுந்து மெஷின் பக்கம் போனார். கீழே கிடந்த சந்தன முகத் தாளை எடுத்தார். யோனாஸைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் தன் காலண்டர் மாதிரித் தாள் இருந்தது. அதில் தன் படத்தையும் ஒருதரம் பார்த்தார். அண்ணாச்சியும் நல்ல கறுப்புதான்.

"என் மூஞ்சியப் பாக்க எங்கம்மா இல்ல. அவுக அம்மா இருக்காக. இவரு மூஞ்சி மொதல்ல வரட்டும்."

சொல்லிவிட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பழையபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

வெயிலில் ஒரு முகம்

இப்போது எல்லாம் செல்வம் கையில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் வியர்த்துக் கொட்டுகிறான். ஒன்று சாம்பலாக வருகிறது, இன்னொன்று செம்பட்டையாக வருகிறது. எட்டிப் பார்த்த என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"கறுப்பைப் போட்டுப் பழக்கமில்லக்கா. எடுத்துத்தான் பழக்கம்."

யோனாஸ் ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. செல்வம் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினான். சிவகாசி வெயிலைச் சொல்ல வேண்டுமா, அந்த மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். மாதிரிக்கு எடுத்த துண்டுத் தாளைச் செல்வம் அவர் கன்னத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். உள்ளே ஓடினான். இன்னொரு துண்டோடு வந்தான். மறுபடி ஓடினான். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு கட்டத்தில் தன் முன்னங்கையையும் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். கையையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் பிறகு சடசடவென்று வேலை நடந்தது. துண்டுத் தாளைத் தன் கையில் வைத்தே சரிபார்த்துக்கொண்டான்.

தழும்பை மட்டும் யோனாஸே விரலால் காட்டினார். கொஞ்சம் அழுத்தமாக, இன்னும் கொஞ்சம்.

பிளேட் வந்தது, ஏறியது. மெஷின் சத்தம் போட்டுக் கிளம்பியது. முதல் சில தாளை மெஷின்காரர் கழித்துக் கீழே தள்ளினார். அப்புறம் ஒன்றை உருவி நீட்டினார்.

அப்படியே அவர்! நரை தெரிகிறது, கண்ணுக்குக் கீழ் சுருக்கம் தெரிகிறது, கறுப்புக்கு உள்ளே வெயில் பட்ட மினுக்கம் தெரிகிறது, புருவத்துக்கு மேல் காப்பித்தூள் தெரிகிறது. நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டிவிட்டேன். யோனாஸ் தாளைக் கையில் வாங்காமல் நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

வாசலில் டமாரென்று ஒரு சத்தம். பட்டாசு விபத்து கண்ட நம் ஊர்ப் பழக்கத்தில் எல்லாரும் ஒருகணம் உறைந்துபோனோம். போய்ப் பார்த்தால் அண்ணாச்சி. தன் காலண்டருக்குக் கொண்டுவந்த தேங்காயை யோனாஸுக்காக உடைத்துவிட்டு, சிதறிய சில்லுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

விருதுநகர் ரோடு

பைண்டிங் முடிந்து மூன்று பக்கமும் வெட்டிப் புத்தகம் கைக்கு வந்தபோது, முதுகில் ஒட்டிய பசைச் சூடு இன்னும் இருந்தது. கார் பஞ்சர். அச்சக லோடு ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் நான், பின்னால் தாள்கட்டு மேல் தேவகியும் யோனாஸும். புத்தகம் பிரிந்துவிடக் கூடாது என்று அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

எந்த நேரத்தில் கிளம்பினோம் பாருங்கள், பட்டாசுக் கம்பெனி விடும் நேரம். ரோடு முழுக்க ஆள் ஏற்றிய வேன். திருத்தங்கல் ரயில்வே கேட் வேறு பூட்டிக் கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்காரரை, ரயிலை, பஞ்சரான காரை, எங்கள் வீட்டுக்காரரை, எல்லாரையும் வைதேன்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பக்கத்தில் நின்ற வேன் நிறையப் பெண்கள். கையெல்லாம் அலுமினியத்தூள் மினுங்குகிறது. அவரைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டுகிறார்கள். அவரும் முழங்கையை ஆட்டுகிறார், கையை எடுத்தால்தான் புத்தகம் பிரிந்துவிடுமே. எங்கே போகிறார்கள் என்று தேவகியிடம் கேட்டார். அவள் அந்தப் பெண்களிடமே கேட்டாள். "வீட்டுக்கு!" என்று எல்லாரும் ஒன்றாகச் சொன்னார்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்கு. சுத்தமாக வந்தது. அதுதான் அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல். கேட் திறந்த பிறகும் வேனிலிருந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனார்கள்.

ஆமத்தூர் தாண்டியதும் டிரைவர் விரட்டினார் பாருங்கள், இப்போது நினைத்தாலும் இடுப்பு வலிக்கிறது. ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ரயில் நின்றுகொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆசிரியர் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு எங்களைத் தேடுகிறார்.

யோனாஸ் கொடுத்துவிட்டார். கொடுத்தாரே தவிர, கையை எடுக்கவில்லை. புத்தகத்தை இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் ஆசிரியரும் பிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு வரி எழுதித் தாருங்களேன் என்று நான் பேனாவை நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். தன் மொழியில் எழுதினால் அங்கே படித்துவிடுவார்கள். ரயில் நகர்ந்தபோதுதான் விட்டார்.

பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேரும் டீ குடித்தோம். மறுநாள் மதுரையில் வெளியீடு முடிந்த கையோடு அவர் குளிர் நாட்டுக்குப் போய்விட்டார்.

தீபாவளிக் காலை

சந்தன முகத் தாள்கள் ஒரு கட்டு மிஞ்சிக் கிடந்தன. அவற்றைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட செல்வம் விடவில்லை. "இது என் பாவம்க்கா, நானே கரைச்சுக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு போனான்.

மேலே போய் வெடித்துக் கலர் காகிதமாகக் கொட்டும் வெடி ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் அதைச் செய்கிறார்கள், செல்வத்தின் மச்சான் அங்கே வேலை. தாள்களைப் பொடிப்பொடியாக வெட்டி அங்கே கொடுத்திருக்கிறான். தீபாவளிக் காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு ஒரு பெட்டி வெடியைக் கொண்டுவந்து அச்சகத்து வாசலில் வைத்தான்.

வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது விருதுநகர் ஆசிரியர். மகள் வளைகாப்புக்காக வந்தவர், நேரே எங்களிடம் வந்திருக்கிறார். பேசாதீர்கள், ஒரு வார்த்தை பேசாதீர்கள் என்று அவரைத் தடுத்துவிட்டு யோனாஸைப் போனில் கூப்பிட்டேன். அங்கே இன்னும் சரியாக விடியவில்லை. தூக்கக் கலக்கத்தோடு திரையில் வந்தார். அதே நேரம் செல்வம் திரியில் நெருப்பை வைத்துவிட்டான்.

வெடித்தது. வானத்திலிருந்து சந்தன நிறத்தில் கொட்டுகிறது! பாதிக் காது, மூக்கு நுனி, ரோஸ் கன்னம். தெருவெல்லாம் பறந்து வந்து தலையில் விழுகிறது. காலண்டரில் அண்ணாச்சிகூட இந்த வருசம் கொஞ்சம் கறுப்பாகத்தான் வந்திருக்கிறார் என்று நான் போனுக்குள் கத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுபடி வெடிக்கச் சொன்னார்.

அப்புறம் ஆசிரியர் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது.

ஆசிரியர் போனை வாங்கி, அந்த நாட்டு மொழியிலேயே கொஞ்சம் பேசினார். யோனாஸ் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திரையில் ஒரு மேற்கூரை மட்டும் தெரிந்தது.

"என்ன சொன்னீக? அம்மா பாத்தாகளா?" என்று நான் ஆசிரியர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"பாத்தாகம்மா. சன்னல் பக்கம் கொண்டுபோயி வெளிச்சத்துல வச்சுப் பாத்தாக. புருவத்துக்கு மேல விரலை வச்சுத் தேச்சாக, தேச்சுக்கிட்டே இருந்தாக. அப்புறம் என்னப் பாத்து, 'அன்னிக்கு நான் வச்ச காப்பித்தூளு இன்னும் போகல பாருங்க. இம்புட்டு வருசமா முகத்த ஒளுங்காக் களுவுறானா இல்லையா, கேட்டு வந்து சொல்லுங்க'ன்னாக."

செல்வம் அப்படியே காகிதக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

போனில் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. யோனாஸ் திரும்ப வந்து போனைக் கையில் எடுத்தபோது முகம் முழுக்க ஈரம், தாடியிலிருந்து சொட்டுகிறது. துடைக்காமலேயே நெற்றியைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். தழும்பு போகவில்லை.